பகல் 12 மணிக்குக் காலி செய்யணுமாம்!

விடியற்காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரையில் இறங்கினோம், நானும் மனைவியும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜ். ஆறு மணிக்கு அறை எடுத்தோம். பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். தவறினால் இன்னொரு நாள் வாடகையாம். ஆறு மணி நேரத்துக்கு முழு நாள் வாடகை!

மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30-க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வயதானவர்கள் சற்றுப் படுக்க வேண்டிய அந்த உச்சி வெயிலில் பெட்டியோடு தெருவில் நிற்பதா? இரவு ரயில் வரை எங்கே போவது?

அறையைச் சுத்தம் செய்ய நேரம் வேண்டும் என்பார்கள். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியாவதைவிட ஒவ்வொன்றாகக் காலியானால் வேலையாட்களுக்கும் எளிதுதானே? ரயில்வே ஓய்வறையில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கணக்கிட்டுத்தானே கொடுக்கிறார்கள்?

ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நான்குக்குக் காசு கொடுப்போமா? சண்டைக்குப் போவோம். லாட்ஜில் மட்டும் ஏன் வாய்மூடிக் கொடுக்கிறோம்?

24 மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜுகள் மதுரையில் இன்னும் இருக்கின்றன. சாவி வாங்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த படி ஏறுங்கள். நாலு பேர் அப்படித் திரும்பிப் போனால் போர்டு தானே மாறும்.