பந்து வேஷம் போட்ட குண்டு

பேஸ்பால் உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் அரைகுறைதான். ஆனால், இந்த வயிற்றெரிச்சல் புரியும். 1960 பிப்ரவரியில், நியூயார்க் புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தை இடிக்க வந்த இரும்புக் குண்டுக்கு, பேஸ்பால் மாதிரியே வெள்ளையடித்து தையல்கூட வரைந்திருந்தார்கள். என்ன ரசனை!

1913-ல் திறந்த மைதானம். கறுப்பின வீரர்களுக்குப் பெரிய லீகில் இடமில்லை என்ற அநியாயத்தை உடைத்து, 1947-ல் ஜாக்கி ராபின்சன் முதல் மேட்ச் ஆடியது இங்கேதான். டாட்ஜர்ஸ் அணியின் முதலாளி வால்டர் ஓமாலி, புது ஸ்டேடியத்துக்கு வேறு இடம் கேட்டார். ராபர்ட் மோசஸ் என்கிற சர்வ வல்லமை படைத்த அதிகாரி 'முடியாது' என்றார். 1957 சீசனோடு அணி லாஸ் ஏஞ்சலீஸுக்கு நடையைக் கட்டியது.

'கூட்டம் குறைஞ்சு போச்சு சார்' என்பார்கள். குறைந்தது நிஜம். ஆனால், நான் பி.காம். படித்தவன், கணக்கைக் காட்டு என்பேன். அந்தக் கடைசி வருடத்திலும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள்!

மைதானம் போய் அடுக்குமாடி வந்தது. வீடு வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் 2009-ல், அதே நியூயார்க்கில் மெட்ஸ் அணிக்காகத் திறந்த சிட்டி ஃபீல்டின் முகப்பைப் பாருங்கள்... எபெட்ஸ் ஃபீல்டின் ஜெராக்ஸ்! உள்ளே ராபின்சன் பெயரில் வட்ட மண்டபம் வேறு. மனுஷன் 1972-லேயே போய்விட்டார். அசலைத் தூளாக்கியவர்கள் ஊரில், நகலுக்குக் கோடிக்கணக்கில் டாலர்!

அந்தக் குண்டு என்னாச்சு என்கிறீர்களா? அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1964-ல், நகரின் இன்னொரு பழைய பேஸ்பால் மைதானமான போலோ கிரவுண்ட்ஸை இடித்ததும் அதே குண்டுதான்.