கல்யாணம் செய்தால் கஞ்சிக் காசு ரத்தா?

2015-ல் வந்த ‘பேலாசேஷே’ என்ற வங்காளப் படத்தில், 49 ஆண்டு இல்லறம் நடத்திய பெரியவர் விவாகரத்து கேட்கிறார். குடும்பமே கூடிப் பேசுகிறது. வீடும் காசும் உள்ளவர்க்கு வயோதிகத்திலும் துணையைப் பற்றி யோசிக்க அவகாசமுண்டு.

நம் அரூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டும் விதவைக்கு? 40 வயது கடந்த ஏழை விதவையின் பென்ஷனுக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு மாதம் 300 ரூபாய். மறுமணம் செய்தால் அதுவும் நிற்கும்!

வித்யாசாகர் போராடிப் பெற்ற 1856-ம் ஆண்டுச் சட்டமும், மறுமணம் செய்தவளிடமிருந்து இறந்த கணவனின் சொத்தைப் பறித்தது. அன்று சொத்து, இன்று கஞ்சிக் காசு!

துணை தேடுவது குற்றமா? அபராதம் எதற்கு? விதியை நீக்கு! பென்ஷனை உயர்த்து! ஆலையிலும் வயலிலும் இக்கோரிக்கை முழங்கட்டும்!