பைப் போடுவது நாம்! பிளான் போடுவது யார்?



உங்கள் தெருவில் சபராளி இல்லாத வீடு எத்தனை? விடுமுறையில் வந்திருக்கும் ஒருவரைப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். "துபையில் உங்களுக்கு என்ன வேலை?" ஏசி மெக்கானிக் என்பார். அடுத்தவர் பைப் பிட்டர் என்பார். இன்னொருவர் டக்ட் மாட்டுகிறேன் என்பார். அவருடைய மச்சான் எலக்ட்ரீஷியன். தம்பி ஹெல்பர்.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவில் கட்டடங்கள் எழத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் கதை. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பாலைவனத்து வெயிலில் பிறர் குளிர்ச்சியாக உட்காருவதற்காக ஏணியில் நின்று வியர்வை சிந்தியவர்களில் நம்மவர்கள் எத்தனை ஆயிரம்! அந்த உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் ஓலை வீடு மாடி வீடானது; குமர்கள் கரையேறினார்கள்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த டக்ட் எத்தனை அங்குல அகலம் என்று தீர்மானித்தவர் யார்? அந்தக் கட்டடத்துக்கு எத்தனை டன் குளிர்ச்சி வேண்டும் என்று கணக்குப் போட்டவர் யார்? வரைபடத்தின் கீழே கையெழுத்து யாருடையது?

நம்முடையது இல்லை! குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் கன்சல்டன்ட் பொறியாளருடையது. அவருக்கும் நம் மெக்கானிக்குக்கும் இடையே உள்ள தூரம் நிறத்தின் தூரமல்ல, மூளையின் தூரமுமல்ல. ஒரு படிப்பின் தூரம். அந்தப் படிப்பின் பெயர் பில்டிங் சர்வீசஸ் என்ஜினியரிங். தமிழில் கட்டட சேவைப் பொறியியல் எனலாம். நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இது என்ன படிப்பு?

தூணும் தளமும் சுவரும் கட்டடத்தின் எலும்பு. எலும்பு மட்டும் இருந்தால் உயிர் இருக்குமா? காற்று, குளிர்ச்சி, குடிநீர், கழிவுநீர், மின்சாரம், விளக்கு, லிப்ட், தீயணைப்பு, புகை வெளியேற்றம் இவையெல்லாம் சேர்ந்துதான் கட்டடம் மூச்சு விடுகிறது. இவை அனைத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடுவதுதான் இந்தத் துறை.

மேலைநாட்டார் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1894இலும் பிரிட்டனில் 1897இலும் இத்துறைப் பொறியாளர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தச் சங்கங்களின் வழிவந்த 'ஆஷ்ரே', 'சிப்சி' ஆகிய அமைப்புகளின் வழிகாட்டி நூல்களைப் புரட்டித்தான் இன்றைக்கும் வளைகுடாவில் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவில் இத்துறைக்கான 'இஷ்ரே' சங்கம் தொடங்கியது 1981இல்.

உயிரைப் பறித்தது எது?

'ஏசிக்கும் பைப்புக்கும் ஒரு மேல்படிப்பா?' என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

1997 ஜூன் 13. டெல்லி உபஹார் திரையரங்கு. கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தையொட்டி இருந்த மின்மாற்றியில் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாக மேலேறி பால்கனியை நிறைத்தது. கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, புகை!

2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனை. அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த பொருள்களில் பிடித்த தீயின் புகை ஏசி டக்ட் வழியாகவே மேல்தளங்களுக்கு ஏறியது. கட்டடம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்ததால் புகைக்கு வெளியேற வழியில்லை. படுக்கையிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். நோயாளிக்குக் குளிர் காற்று கொண்டுவர வேண்டிய குழாய் நஞ்சைக் கொண்டுவந்தது!

2003 மார்ச். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு. சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 42 பேர் இறந்தனர். எப்படிப் பரவியது? குளியலறைத் தரையின் கழிவுநீர்க் குழாயில் வளைந்த 'டிராப்' இருக்குமல்லவா? அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும. பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. குளியலறையின் காற்றுவெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும் கழிவுக் குழாயிலிருந்து கிருமி கலந்த துளிகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். உள்ளங்கை அளவுத் தண்ணீர் இல்லாததால் ஒரு குடியிருப்பே நோய்க்காடானது!

இந்த மூன்றிலும் தூண் சாயவில்லை, தளம் இடியவில்லை. கட்டடம் அப்படியே நின்றது, உள்ளே இருந்தவர்கள்தான் பிணமானார்கள். டக்ட் போட்டவர் டக்டை மட்டும் பார்த்தார். பைப் போட்டவர் பைப்பை மட்டும் பார்த்தார். மின்மாற்றியை வைத்தவர் மாடிப்படியைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்று இல்லாமல் போனது.

பி.இ. போதாதா?

போதாது என்பதே நம் வாதம். மெக்கானிக்கல் படிக்கும் மாணவன் குளிர்சாதனத்தை ஒரு பாடமாகப் படிக்கிறான். எலக்ட்ரிக்கல் மாணவன் மின்சாரத்தோடு நின்றுவிடுகிறான். சிவில் மாணவனுக்குக் கான்கிரீட்டும் கம்பியும். கட்டடக்கலை மாணவனுக்கு வடிவமும் அழகும். ஆளுக்கொரு துண்டு! முழுக் கட்டடத்தை யார் படித்தார்கள்?

முதுகலையில்தான் இந்தத் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. அறைக்குள் வெயில் எவ்வளவு வெப்பத்தைக் கொட்டுகிறது, காற்றில் உள்ள ஈரத்தை அகற்ற எவ்வளவு சக்தி வேண்டும், தீப்பிடித்தால் புகை எந்த நிமிடத்தில் எந்தத் தளத்தை எட்டும், ஒரு லிப்ட் எத்தனை பேரை எவ்வளவு நேரத்தில் இறக்கும், ஆண்டு முழுவதும் மின்கட்டணம் என்ன ஆகும் என்பதையெல்லாம் கட்டடம் எழும்புவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். ஆய்வறிக்கை எழுத வைக்கிறார்கள். பிரிட்டனில் 'சார்ட்டர்டு என்ஜினியர்' என்ற தகுதி வேண்டுமானால் முதுகலைத் தரத்தில் கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். காரணம் இல்லாமலா?

லண்டன் சவுத் பேங்க், புரூனல் பல்கலைக்கழகங்களும் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் இதே பெயரில் முதுகலைப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. நம் நாட்டில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டை மையமாக்கி எம்.டெக். உருவானது. ஆனால் பல இடங்களில் இத்துறை வேறு பெயருள்ள படிப்புகளுக்குள் ஒரு மூலையில் ஒளிந்து கிடக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வந்தது. கடைசியாக 2016இல் முழுமையாகத் திருத்தப்பட்டது. கட்டட சேவைகளுக்கும் தீப்பாதுகாப்புக்கும் அதில் தனித்தனிப் பகுதிகளே உண்டு. விதி இருக்கிறது. விதியைப் புரிந்து வரைபடம் போடும் ஆளை உருவாக்க வேண்டாமா?

நம் பள்ளிவாசலையே பாருங்கள்!

தூரத்து உதாரணம் எதற்கு? ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஏசி வைக்க ஜமாஅத் முடிவு செய்கிறது. கடைக்காரர் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், "பத்து டன் போதும் பாய்" என்கிறார். நாம் தலையாட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஜும்ஆவுக்கு 500 பேர் கூடினால் 50,000 வாட். ஒரு டன் குளிர்ச்சி என்பது சுமார் 3,500 வாட். ஆக, ஆட்களின் உடல்சூட்டுக்கு மட்டுமே 14 டன் வேண்டும்! நண்பகல் வெயிலில் காயும் மேல்தளத்தின் சூடு தனி. விளக்கு தனி. வெளிக்காற்றின் சூடும் ஈரமும் தனி. சரி, வெள்ளிக்கிழமைக்கென்று பெரிதாக வாங்கி மாட்டிவிட்டால், ஒன்றரை ஸப் மட்டும் நிற்கும் மற்ற வக்துகளுக்கு அது வீண். எந்தப் பகுதியைப் பிரிப்பது, எதை எப்போது ஓட்டுவது என்று திட்டமிட வேண்டாமா?

இன்னொன்று. நாம் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரூட்டுகிறது. சன்னலை அடைத்துவிட்டு 500 பேர் விட்ட மூச்சையே 500 பேரும் இழுக்கிறோம். பயானில் கண் சொக்குவதற்கு ஆலிம்சாவை மட்டும் குறை சொல்லாதீர்கள்! கொரோனாக் காலத்தில் உலகமே காற்றோட்டத்தைப் பற்றிப் பேசியதே, அது அதற்குள் மறந்துவிட்டதா?

உளூச் செய்யும் தண்ணீரும் அப்படித்தான். ஐந்து வேளையும் ஓடும் அந்தத் தண்ணீர் பெரிதாக அழுக்காவதில்லை. அதைத் தனிக் குழாயில் பிரித்து வடிகட்டினால் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும். கழிப்பறைச் சாக்கடையோடு கலந்துவிட்டால் அவ்வளவும் பாழ். பைப் போடும்போதே பிரித்திருந்தால் செலவு அற்பம். தரைக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்தால்?

ஆட்சியாளர்களின் கைவிரிப்பு

படிக்க வைக்க ஆசைதான், வழி எங்கே என்று கேட்கிறீர்கள். நியாயம். 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம். முதுகலையிலோ 50 பேருக்கு ஒருவர்! ஒரு படி ஏறுவதற்குள் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டிய மத்திய அரசு என்ன செய்தது? சிறுபான்மை மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் படிக்க வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை 2022-23இல் நிறுத்தியது. அதே ஆண்டில் ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையையும் நிறுத்தியது. ஏணியை எடுத்துக்கொண்டு 'மேலே வா' என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்? இரண்டையும் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு கதவு திறந்தே இருக்கிறது. தமிழகத்தில் 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டை வேலைக்கும் இளங்கலைக்கும் மட்டுமா பயன்படுத்துவது? கேட் தேர்வில் தேறி அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் எம்.இ., எம்.டெக். சேரும் மாணவருக்கு மாத உதவித்தொகை உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள்?

நம் மீது குற்றமில்லையா?

அரசைக் கேட்ட வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பி.இ. முடித்த மகனிடம் வாப்பா சொல்வது என்ன? "விசா வந்திருக்கிறது, கிளம்பு." இரண்டாண்டு பொறுத்தால் இருபதாண்டு உயரும் என்று கணக்குப் பார்க்க நமக்குப் பொறுமையில்லை. ஆனால் ஒரே நாள் கல்யாணத்துக்கு மண்டபம், பந்தல், பிரியாணி என்று லட்சங்களைக் கரைக்கப் பொறுமை இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு முதுகலைப் பொறியாளரை உருவாக்கலாமே!

மகளை ஏன் மறந்தீர்கள்? இந்தத் துறையின் பெரும்பகுதி கணக்கும் வரைபடமும் கணினியும்தான். ஏணியில் ஏற வலிமை வேண்டும் என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஒரு மனிதரை நினைவூட்டுகிறோம். பஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். ஊரிலேயே பொறியியல் பட்டம் பெற்றார். அதோடு நின்றிருந்தால் அவரை யாருக்குத் தெரியும்? 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தைத் தாங்கும் அமைப்பு அவர் தந்தது. அவர் கட்டமைப்புப் பொறியாளர்தான். ஆனாலும் நம் துறைக்கு ஒரு பாடம் விட்டுச் சென்றிருக்கிறார். ஜித்தா விமான நிலையத்தில் 1981இல் திறக்கப்பட்ட ஹஜ் முனையத்தின் வெண்கூடாரங்களை ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 210 கூடாரங்கள். அவர் பங்கேற்று உருவாக்கிய வடிவமைப்பு அது. பக்கங்கள் திறந்திருக்கும், மேல்துணி வெயிலைத் தடுக்கும், சூடான காற்று உச்சித் துவாரம் வழியே வெளியேறும். பாலைவனத்தின் நடுவே, ஏசியை நம்பாமல் நிழலையும் காற்றையும் நம்பிய கட்டடம்! இதுவல்லவா பொறியியல்?

செய்ய வேண்டியது என்ன?

இளைஞனே! மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில், கட்டடக்கலை எதைப் படித்திருந்தாலும் இந்த வாசல் உனக்கு உண்டு. சேருவதற்கு முன் அந்த ஆண்டில் அந்தப் படிப்பு நடக்கிறதா, அங்கீகாரம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்று நேரடியாக விசாரித்துக்கொள். ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி நிலத்தை விற்காதே.

ஜமாஅத் நிர்வாகிகளே! வட்டிக் கடனுக்கு அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு வட்டியில்லாக் கல்வி நிதி ஒன்று தொடங்குங்கள். ஊருக்கு ஆண்டுக்கு ஒருவர் போதும்.

கல்வி வள்ளல்களே! 1984இல் வண்டலூரிலும் கீழக்கரையிலும் பொறியியல் கல்லூரிகளைத் தொடங்கிக் காட்டிய சமுதாயம் இது. இந்தத் துறைக்கு உங்கள் முதுகலை வகுப்புகளில் உரிய இடம் கொடுங்கள். இருபது ஆண்டு சைட்டில் நின்ற சபராளியை அழைத்து வந்து மாணவர் முன் பேச வையுங்கள். அவர் கையில் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சபராளிச் சகோதரர்களே! உங்கள் பையில் இருக்கும் ஸ்பேனரை நாங்கள் மதிக்கிறோம். அதே பையில் உங்கள் பிள்ளைக்கு ஒரு பேனாவையும் எடுத்து வாருங்கள். நீங்கள் மாட்டிய டக்டின் வரைபடத்தில் நாளை உங்கள் மகனோ மகளோ கையெழுத்திட வேண்டும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!