வாய்ப்பூட்டு யார் கையில்?

அமெரிக்காவிலே ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. நீதிமன்றத்திலே அல்ல, வீட்டுக் கூடத்திலே, உணவு விடுதியிலே, கைப்பேசித் திரையிலே! "செய்தி ஏடுகளும் இணைய நிறுவனங்களும் இடதுசாரிகளின் எடுபிடிகள்" என்கிறார் ஒருவர். "இல்லை, இல்லை, வலதுசாரிகளின் வாடகை ஊதுகுழல்கள்" என்கிறார் இன்னொருவர். முன்னவர் 2020-ஆம் ஆண்டைக் காட்டுகிறார். பின்னவர் 2022-க்குப் பின் நடந்தவற்றைக் காட்டுகிறார். இருவர் கையிலும் சான்று இருக்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. வேடிக்கையே அதுதான்!

2020 அக்டோபர் 14. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. 'நியூயார்க் போஸ்ட்' என்ற ஏடு, ஜோ பைடனின் மகனுடைய மடிக்கணினியிலே கிடைத்தவை என்று சில கடிதங்களை வெளியிட்டது. அந்தச் செய்தியின் இணைப்பை ஒருவர் மற்றவருக்கு அனுப்பவே முடியாதபடி ட்விட்டர் நிறுவனம் கதவை அடைத்தது. 1801-லே தொடங்கிய அந்த ஏட்டின் கணக்கையும் பூட்டி வைத்தது. முகநூல் அடைக்கவில்லை; சரிபார்க்கும்வரை பரவாதிருக்கட்டும் என்று பரவலைக் குறைத்தது.

அந்த ஏட்டின்மீது நமக்குக் காதல் கிடையாது. மர்டாக் குடும்பத்தின் சொத்து அது. அச்செய்தியிலே எவ்வளவு தேறும், எவ்வளவு தேறாது என்பது வேறு பேச்சு. எடை போடவேண்டியவன் வாசகன். அவன் தராசைத் தொடுவதற்கு முன்பே சரக்கை ஒளித்துவைக்க இவர்கள் யார்? இணைப்பை அடைத்தது தவறு என்று ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜேக் டார்சியே இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஏட்டின் கணக்குத் திறக்க மாதக் கடைசி ஆயிற்று!

அடுத்தது 2021 சனவரி. தோற்ற டிரம்ப்பின் ஆதரவாளர்கள் 6-ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளே புகுந்து வெறியாட்டம் ஆடினர். 8-ஆம் நாள், 8 கோடியே 80 இலட்சம் பேர் பின்தொடர்ந்த டிரம்ப்பின் கணக்கை ட்விட்டர் நிரந்தரமாக மூடியது. அவருடைய எதிரிகள் ஆரவாரம் செய்தனர். "தனியார் நிறுவனம் அது. தன் கடைக்குள்ளே யாரை விடுவது, யாரைத் தள்ளுவது என்பது அதன் விருப்பம்" என்றனர்.

தோழர்களே, இதைச் சொன்னவர்கள் யார்? பண்ணையார்களின் ஏஜெண்டுகளா? ஆலை அதிபர்களின் சங்கத்தாரா? இல்லை! தொழிற்சங்கம் பேசுகிறவர்கள், ஏழைக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்! முதலாளியின் கடை, முதலாளியின் விருப்பம் என்ற சட்டத்தை, எதிரியின் வாய் அடைபட்ட மகிழ்ச்சியிலே, தங்கள் வாயாலேயே ஓதினார்கள். அப்போது ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த அங்கெலா மெர்க்கல் டிரம்ப்பின் தோழி அல்லர். அவருடைய பேச்சாளர் சொன்னார்: பேச்சுரிமைக்கு எல்லை கட்டுவது சட்டமன்றத்தின் வேலை, நிறுவனத்தை நடத்துவோரின் முடிவு அல்ல. அந்தச் சொல் ஆரவாரத்திலே அமுங்கிப் போயிற்று.

பிறகு கடை கைமாறியது. 2022 அக்டோபரிலே 4,400 கோடி டாலர் கொடுத்து எலான் மஸ்க் வாங்கினார். சில நாட்களிலேயே ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். டிரம்ப்பின் கணக்கு திறந்தது. டிசம்பரிலே, மஸ்க்கின் விமானம் எங்கே பறக்கிறது என்ற விவகாரத்தை எழுதிய 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்', சி.என்.என். செய்தியாளர்களின் கணக்குகள் மூடின. 2023 பிப்ரவரியிலே இன்னொரு செய்தி வந்தது: பெரிய விளையாட்டுப் போட்டியன்று பைடன் எழுதியது, முதலாளி எழுதியதைவிட அதிகம் பேர் கண்ணிலே பட்டுவிட்டதாம், நள்ளிரவிலே பொறியாளர்களைத் தட்டியெழுப்பி, முதலாளியின் எழுத்தே எல்லோர் முன்னும் வந்து நிற்கும்படி பொறியைத் திருத்தச் செய்தார்களாம்! 2024 சூலையிலே அதே முதலாளி டிரம்ப்புக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்னார். அந்தத் தேர்தலிலே 25 கோடி டாலருக்குமேல் கொட்டினார்.

இப்போது "தனியார் கடைதானே" என்று சொன்னவர்கள் மறுகட்சியார். "அநியாயம், அக்கிரமம்" என்று அலறியவர்கள் அன்று கைதட்டியவர்கள். வசனம் மாறவில்லை, வேடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

நாமும் சார்புள்ளவர்கள்தாம். கட்சி ஏடு நடத்துகிறவன் நடுநிலை பேசினால் நாடு நகைக்கும். ஆனால் நம் சார்பு முதல் பக்கத்திலே கொட்டை எழுத்திலே இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவன் தெரிந்து வாங்குகிறான்; பிடிக்காதவன் பக்கத்துக் கட்சியின் ஏட்டை வாங்குகிறான்; நாம் அவதூறு எழுதினால் நம்மைக் கூண்டிலே ஏற்றுகிறான். அங்கேயோ, எதை மேலே தூக்குவது, எதைக் கீழே புதைப்பது என்று கணக்குப் போடும் பொறி கண்ணுக்குத் தெரியாது. கூண்டிலும் ஏற்ற முடியாது! 1996-லே அமெரிக்காவிலே செய்த ஒரு சட்டம், பிறர் எழுதியதற்கு இந்த நிறுவனங்கள் பதிப்பாளர் ஆகமாட்டா என்று காப்பளித்தது. 2024 சூலையிலே அந்நாட்டு உச்சநீதிமன்றமோ, எதைக் காட்டுவது, எதை விலக்குவது என்று இவை தெரிந்தெடுப்பதும் ஏட்டாசிரியர் செய்வது போன்ற கருத்துரிமையே என்று எழுதியது. பழி வரும்போது பதிப்பாளர் அல்ல; உரிமை கேட்கும்போது ஆசிரியர்!

"அப்படியானால் பொய்யும் கலவரமும் தலைவிரித்தாடட்டும் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கும்பல் கதவை உடைக்கும் வேளையிலே தூண்டுகிறவன் கையிலுள்ள ஒலிபெருக்கியைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால், ஆலையிலே ஒரு தொழிலாளியை வெளியேற்ற வேண்டுமென்றால் என்ன முறை? மெமோ கொடுக்க வேண்டும். குற்றம் இன்னதென்று எழுத வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். விசாரணை வைக்க வேண்டும். அதற்கு மேலும் தொழிலாளர் நீதிமன்றம் உண்டு. இதெல்லாம் எந்த முதலாளியும் மனமுவந்து கொடுத்த தீபாவளி இனாம் அல்ல. வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து, பெற்ற உரிமை. மில் கேட்டிலே நிற்கிறவனுக்கு உள்ள இந்த முறை, கோடிக்கணக்கானவர் பேசும் மன்றத்திலே நிற்கிறவனுக்கு வேண்டாமா? நல்லவனோ கெட்டவனோ, மெமோ கொடு, பதில் கேள், உன்னிடம் சம்பளம் வாங்காத ஒருவனிடம் முறையிட வழிவிடு!

நடக்காத காரியமல்ல இது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்து, 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதிவை நீக்கினால் காரணம் எழுதித் தரவேண்டும். நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் நடுவரிடம் முறையிடலாம் என்கிறது அச்சட்டம். குறை இருக்கலாம். ஆனால் திசை சரி.

சாவியை அரசிடமே கொடுத்துவிடலாமே என்பார் சிலர். வேண்டாம்! 2021-லே கொரோனா பற்றிய பதிவுகளை நீக்கும்படி பைடன் அரசு தம்மை நெருக்கியது என்று முகநூல் முதலாளி சக்கர்பெர்க் கடிதம் எழுதினார். எப்போது? 2024 ஆகஸ்டிலே, பைடன் போட்டியிலிருந்து விலகிய மறுமாதம்! அதிகாரம் அருகிலிருக்கும்போது அடக்கம், அகன்றதும் ஆண்மை. 2025 சனவரியிலே புதிய ஆட்சி வரப்போகும் வேளையில், அமெரிக்காவிலே செய்திகளின் உண்மையைச் சரிபார்க்க அமர்த்தியிருந்த வெளியாரை விலக்குவதாக அறிவித்தார். கணக்கை மூடியதற்காக டிரம்ப் தொடுத்த வழக்கிலே 2 கோடியே 50 இலட்சம் டாலர் தர அதே மாதம் இசைந்தார். அதே வகை வழக்கை ட்விட்டர் 2022-லேயே கீழ் நீதிமன்றத்திலே வென்றிருந்தது. மேல்முறையீடு நடக்கும்போதே, 2025 பிப்ரவரியிலே, ஏறத்தாழ ஒரு கோடி டாலர் தர அதுவும் இசைந்தது. செப்டம்பரிலே யூடியூப் 2 கோடியே 45 இலட்சம். அதிலே பெரும்பகுதி வெள்ளை மாளிகையின் புதிய நடன மண்டபத்துக்கு! பூட்டியதற்குத் தண்டமா, பதவிக்கு வந்ததற்குக் காணிக்கையா?

சனவரி 20-ஆம் நாள் பதவியேற்பு விழாவிலே அமைச்சராகப் போகிறவர்களுக்கும் முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தார்கள் மஸ்க், சக்கர்பெர்க், அமேசானின் பெசோஸ். மதுரையிலே பிறந்த கூகுளின் சுந்தர் பிச்சையும் அங்கே இருந்தார். நம் ஊர்க்காரர் என்று மார்தட்டும் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

பெசோஸ் 2013-லே 25 கோடி டாலருக்கு வாங்கிய ஏடு 'வாஷிங்டன் போஸ்ட்'. 2024 தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு, எந்த வேட்பாளருக்கும் ஆதரவு இல்லை என்று அந்த ஏடு திடீரென்று அறிவித்தது. இரண்டரை இலட்சம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அங்கே ஆண்டுக்கணக்கிலே கருத்துப்படம் வரைந்துவந்தவர் ஆன் டெல்னேஸ் என்ற அம்மையார். பெருமுதலாளிகள் டிரம்ப்பின் சிலை முன்னே பணமூட்டையோடு மண்டியிடுவதாக ஒரு படம் வரைந்து கொடுத்தார். ஏடு அச்சிடவில்லை. அதே பொருளிலே கட்டுரை வந்துவிட்டது, ஆகவே விலக்கினோம் என்றார் ஆசிரியர். அம்மையார் 2025 சனவரியிலே வேலையைத் துறந்தார். பென்சில் கோட்டிலிருந்த படத்தைத் தாமே வெளியிட்டார். மே மாதம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்தப் படத்திலே மண்டியிட்டிருந்தவர்களுள் ஒருவர், அந்த ஏட்டின் முதலாளி.