அந்த ஒரு சதவீதம் யார் ரத்தத்திலும் இல்லை

“அது அவங்க ரத்தத்துலயே ஊறினதுங்க.” கோவை வார்ப்படத் தொழில் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சந்தித்த பவுண்டரி முதலாளிகளில் பலர் இதைச் சொன்னார்கள். எனக்கு வியப்பில்லை. முற்போக்கு மேடைகளில் பேசும் ஒரு பேராசிரியர், ‘மரபு அறிவு’ என்ற கௌரவமான பெயரில் இதையே சொன்னபோதுதான் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

ரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படும் அந்த வேலை, பேட்டர்ன் செய்வது. தண்ணீர் பம்பின் கூடு, புல்லி, கியர் பெட்டி என இரும்பில் வார்க்க வேண்டிய எதையும் முதலில் மரத்தில் செய்கிறார்கள். அந்த மர உருவை மணலில் புதைத்து இடித்து, உருவை உருவி எடுத்தால் குழி கிடைக்கும். குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் காஸ்டிங்.

சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 சதவீதம், எஃகு ஏறத்தாழ 2 சதவீதம். ஒரு மீட்டர் நீள வார்ப்பிரும்புப் பொருள் வேண்டுமென்றால் பேட்டர்ன் 1010 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு அளவுகோல் உண்டு. அதன் ஒரு சென்டிமீட்டர் நம் சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் நீளம். உருவி எடுக்கும்போது மணல் உடையாமலிருக்கப் பக்கங்களுக்கு ஓரிரு டிகிரி சரிவு தரவேண்டும். லேத்தில் கடைய வேண்டிய பரப்புகளுக்குச் சில மில்லிமீட்டர் கூடுதல். உள்ளே வெற்றிடம் வேண்டுமென்றால் அதற்குக் கோர், கோர் செய்யத் தனி மரப்பெட்டி.

இதில் ரத்தம் எங்கே வருகிறது? பள்ளிக்கூடத்துச் சதவீதக் கணக்கு, வரைபடம் படிக்கும் பழக்கம், உளியிலும் இழைப்புளியிலும் பழகிய கை. மூன்றையும் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொள்ளலாம்.

என் அப்பா மோல்டர். முப்பது ஆண்டுகள் மணலில் குத்தவைத்து வேலை செய்தவர். எங்கள் காலனியிலிருந்து பவுண்டரிக்குப் போனவர்கள் எல்லாரும் மணலுக்கும் உலைக்கும்தான் போனார்கள். பேட்டர்ன் கடைக்குள் ஒருவரும் போகவில்லை. ஒருமுறை புதிதாக வந்த ஒரு பேட்டர்னை உருவும்போதெல்லாம் மணல் உடைந்துகொண்டே இருந்தது. “ஒரு பக்கம் சரிவு பத்தலைங்க” என்றார் அப்பா. “மணல் மிதிக்கறவன் பேட்டர்னுக்கு வழி சொல்றயா?” என்று பதில் வந்தது. ரிஜெக்ட் ஆன பெட்டிகளுக்கு அவருடைய பீஸ் ரேட்டில் பிடித்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பேட்டர்ன் சத்தமில்லாமல் போய், சரிவு கூட்டித் திரும்பி வந்தது. பிடித்த பணம் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு அப்பா சொன்னது பேட்டர்ன் அறிவு. அது அவர் வாயிலிருந்து வந்ததால் அறிவாக எண்ணப்படவில்லை. ‘மரபு அறிவு’ என்று உருகுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ப்ளஸ் டூ விடுமுறையில் நானே ஒரு பேட்டர்ன் கடையில் சேர்ந்தேன். முதல் நாள் “தம்பி எந்த ஊரு?” இரண்டாம் நாள் “ஊருக்குள்ள எந்த வீதி?” அதன் பிறகு உப்புத்தாள் தேய்ப்பதும் தூள் கூட்டுவதும்தான் எனக்கு வேலை. அளவுகோல் இருந்த டிராயர் பூட்டியே இருந்தது. மூன்றே வாரத்தில் வெளியே வந்தேன்.

அடுத்த ஆண்டு வேறொரு கடையில் வயதான ஒருவர் சேர்த்துக்கொண்டார். அவரும் தச்சர் குடும்பம்தான். “கண்ணு, இந்த ஸ்கேலு பொய் சொல்லும். இரும்பு ஆறுனா அது நெசமாயிரும்” என்று அளவுகோலை என் கையில் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஒரு புல்லிக்கு இரண்டு பாதியாகப் பிரியும் பேட்டர்னை நானே செய்தேன். காஸ்டிங் வந்தபின் அளந்தோம். அளவு சரியாக இருந்தது. “என்னை ஏனுங்க சேத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “எம்பையன் வரமாட்டேங்கறான். வேலை என்னோட போயிரணுமா?” என்றார்.

நல்ல மனிதர். ஆனாலும் அவருக்கு ஒரு வாரிசு இருந்திருந்தால் அந்த டிராயர் எனக்குத் திறந்திருக்குமா என்ற கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். அந்த அடுக்கை பவுண்டரியில் கண்ணால் பார்க்கலாம். இழைப்பு மேசையில் இருப்பவருக்கு ‘ஆசாரி’ என்று ஒரு மரியாதை. மணலில் இருப்பவருக்கு வெறும் பெயர், அதுவும் ஒருமையில். இருவரையும் பீஸ் ரேட்டில் பிழிகிறவர் ஒருவரே. வரைபடத்தில் இருக்கும் தவறைக் கண்டுபிடிக்கும் பேட்டர்ன்காரருக்கு எஞ்சினியர் சம்பளம் கிடைப்பதில்லை. ‘பரம்பரைக் கலைஞர்’ என்ற பட்டம் கிடைக்கிறது. கூலிக்குப் பதில் பெருமையை வாங்கிக்கொள்ளும் வரை அவரும் மோல்டரோடு சேர்ந்து நிற்கப் போவதில்லை.

இந்தப் பெருமையைத்தான் ஒன்றிய அரசு 2023-இல் ‘பி.எம். விஸ்வகர்மா’ என்று திட்டமாக்கியது. தச்சு உட்பட 18 தொழில்கள், குடும்பவழி மரபு, குரு–சிஷ்ய பரம்பரை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்து நின்றார்கள். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து அதே சரக்கு, இந்த முறை கடன் வசதியோடு. தமிழ்நாடு அரசு 2024-இல் இதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. சரியான முடிவு. ஆனால் விண்ணப்பத்தில் சாதி நுழையாவிட்டால் போதுமா? கடை வாசலில் “எந்த வீதி?” என்று கேட்பதை எந்த விண்ணப்பப் படிவம் தடுக்கும்?

“சி.என்.சி. வந்துவிட்டது, முப்பரிமாண அச்சு வந்துவிட்டது, இன்னும் மரத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எந்திரத்துக்கும் அந்த 1 சதவீதத்தை ஒரு மனிதர்தான் சொல்லவேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மரக்கடையில் பூட்டிய டிராயர், கணினி அறையிலும் பூட்டித்தான் இருக்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பேட்டர்ன் வேலையை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், உதவித்தொகையோடு, இடஒதுக்கீட்டோடு முழுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். மணலில் பல ஆண்டு உழைத்த மோல்டர்களின் அறிவைச் சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். பேட்டர்னில் இருக்கும் தவறுக்கு மோல்டரின் கூலியைப் பிடிப்பது நிற்க வேண்டும்.

நமக்குள்ளும் ஒன்றை நிறுத்தவேண்டும். அடுத்த முறை யாராவது “ரத்தத்தில் ஊறியது” என்று ஒரு தொழிலைப் புகழ்ந்தால் தலையாட்டாதீர்கள். அதைக் கற்க வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் என் அப்பாவும் இருக்கிறார். அவருக்கு மணலும் தெரியும், சரிவும் தெரியும்.