நமக்கு ஓய்வு நாள் உண்டு, பிள்ளைக்கு?

நோர்வேயின் பேர்கனில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டிப் பார்க்கவே காலை பத்து மணி ஆகப் பார்க்கும். பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். பனி கொட்டினாலாவது பார்க்க அழகு. இங்கே பெய்வது பெரும்பாலும் மழை. அது இரவில் உறைந்துபோனால் காலையில் தெருவில் கால் வைக்க முடியாது. அதனால் ட்ரையத்லன் பைத்தியம் பிடித்த பெற்றோராகிய நாம் இலையுதிர் காலத்திலேயே நிலக்கீழ் அறைக்குள் இறங்கிவிடுகிறோம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரெய்னரில் பூட்டி, மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி, ஸ்விஃப்ட் என்ற சைக்கிள் செயலியின் திரையில் வட்டோபியா என்ற இல்லாத தீவின் எரிமலையில் ஏறிக்கொண்டிருக்கிறோம். மேலே குசினி மேசையில் பிள்ளை கணக்குக் கொப்பியோடு இருக்கிறாள். அவளுடைய காலுக்குக் கீழே தரை உறுமுகிறது. "அம்மா எப்ப மேல வருவா?" என்று தகப்பனிடம் கேட்கிறாள். "இண்டைக்கு அம்மாவுக்கு லேசான நாள்தான். கெதியா வந்திடுவா" என்கிறார் அவர்.

அந்த லேசான நாளைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. பயிற்சியை விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் அந்த நிலக்கீழ் அறைக்காரிதான்.

குளிர்காலப் பயிற்சியின் இலக்கணம் நமக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம். இது அத்திவாரம் போடும் காலம். அவசரம் கூடாது. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகம் போதும். மூன்று கிழமை கூட்டினால் நாலாவது கிழமை குறைக்க வேண்டும். திங்கட்கிழமை முழு ஓய்வு. ஓகஸ்டில் எய்ட்ஃபியோர்டில் படகிலிருந்து குதித்து, 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, கௌஸ்டாடொப்பன் மலைக்கு ஓடி ஏறி, நோர்ஸ்மன் போட்டியில் முதல் 160 பேருக்கு மட்டும் கிடைக்கும் அந்தக் கறுப்பு ரீசேர்ட்டை வாங்கிவிட வேண்டும் என்று கனவு காண்பவர்கூட ஜனவரியில் பதறமாட்டார். உடம்பு தேறுவது ஓடும்போதல்ல, ஓடிவிட்டுப் படுத்திருக்கும்போது என்று அவருக்குத் தெரியும்.

இதை நமக்குச் சொல்லித் தந்ததே நம்முடைய ஊர்க்காரர்கள்தான். கிறிஸ்டியான் புளும்மென்ஃபெல்ட் பேர்கன்காரர். தோக்கியோ ஒலிம்பிக் ட்ரையத்லனில், 2021இல், தங்கம் வென்றபோது அவருக்கு 27 வயது. 2022 ஒக்டோபரில் ஹவாயின் கோனாவில் உலக அயர்ன்மேன் பட்டத்தை 7 மணி 40 நிமிடத்தில் வென்ற குஸ்தாவ் இடனும் பேர்கன்தான். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், 2,300 மீற்றர் உயரத்தில், இவர்கள் ஓடி நின்றதும் பயிற்றுநர் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கருவியில் லக்டேட் அளவைப் பார்ப்பார். எண் கூடியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் முடியும் என்று கால் சொல்லும்போதே நிறுத்துவதுதான் உலகம் முழுக்கப் பேசப்படும் 'நோர்வே முறை'யின் சாரம். நம்மில் சிலர் அந்தச் சின்னக் கருவியைக் காசு கொடுத்து வாங்கி, குசினியிலேயே விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறோம்.

சரி. பிரிட்ஜ் கதவில் நம்முடைய பயிற்சித் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது நிதானமாக வாசித்தோம்?

திங்கள் நீச்சல். செவ்வாய் உதைபந்தாட்டம். புதன் பரதம். வியாழன் திரும்பவும் நீச்சல். வெள்ளி இரவு ஒன்லைனில் கணக்கு வகுப்பு, கற்பிப்பவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். சனி தமிழ்ப் பள்ளி. ஞாயிறு போட்டியோ ஒத்திகையோ ஏதாவது ஒன்று. வீட்டுக்கு வீடு பாடங்கள் மாறும், கட்டங்கள் மாறாது. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. நாலாவது கிழமை குறைப்பது என்ற பேச்சே அந்தத் தாளில் கிடையாது. அவளுக்குப் பத்து வயது.

நாற்பது வயது உடம்புக்குத் திங்கட்கிழமை ஓய்வு வேண்டும், வளர்ந்துகொண்டிருக்கும் உடம்புக்கு வேண்டாமா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒழுங்குபடுத்திய விளையாட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒன்றிரண்டு நாளும், வருடத்தில் இரண்டு மூன்று மாதமும் விடுப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆரம்பப் பள்ளி வயதில் இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். வளர்ச்சிக்கான ஹோர்மோன் கூடுதலாகச் சுரப்பதே ஆழ்ந்த நித்திரையில்தான். பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே கையை வைத்து "இதில நோகுது" என்று சொன்னால், "வளருற நோவு, போயிடும்" என்கிறோம். நம்முடைய முழங்கால் நொந்தால் மறுநாளே பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரம் எடுக்கிறோம்.

இந்த நாட்டில் பிள்ளைகளுக்காகப் போட்டிருக்கும் வேலியைப் பாருங்கள். நோர்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2007இல் அதை உரிமைகளாகவே எழுதி வைத்தது. பதினொரு வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எந்த விளையாட்டு, எத்தனை விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்று தீர்மானிப்பது பிள்ளையின் உரிமை. இந்த வேலியோடுதான், ஐம்பத்தைந்து லட்சம் பேர்கூட இல்லாதிருந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது. பள்ளிக்கூடத்திலும் இதே வேலிதான், ஏழாம் வகுப்பு வரைக்கும் புள்ளியே போடமாட்டார்கள். வந்த புதிதில் நம் பெற்றோருக்கு இது பெரிய அதிர்ச்சி. புள்ளி இல்லாவிட்டால் பிள்ளை படிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வியை நாம் இன்னும் விடவில்லை. பிள்ளையின் பயிற்றுநர் எண்களை மறைத்து வைக்கிறார், நாம் காருக்குள் வைத்துக் கேட்டு எடுக்கிறோம். நீச்சல் மண்டபத்து வாசலில் பிள்ளை ஈரத்தலையோடு, ஜக்கெற் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு ஓடிவந்து பின் இருக்கையில் ஏறுகிறாள். கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. பெல்ற் போடும் சத்தம் கேட்பதற்குள் "ஆர் முதலில வந்தது?" என்கிறோம். "ஒருத்தரும் வரேல்ல, விளையாடினம்" என்றால் நம்பமாட்டோம். "நீங்கள் எத்தினையாவது?" நோர்வே உதைபந்தாட்டச் சங்கம் பெற்றோருக்கென்று விதிகள் எழுதி வைத்திருக்கிறது. முடிவை மட்டும் கேட்காதீர்கள், ஆட்டம் சுவையாக இருந்ததா என்று கேளுங்கள் என்பது அதில் ஒன்று. பந்தைப் பற்றி மட்டுமா இப்படிக் கேட்கிறோம்? தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதே கேள்வி, பரத வகுப்புப் படிக்கட்டிலும் இதே கேள்வி.

இதைவிட ஒரு படி மேலே போன வீடுகளும் உண்டு, என் வீடு உட்பட. நாம் புது மணிக்கூடு வாங்கியதும் பழையதைப் பிள்ளையின் கையில் கட்டிவிடுகிறோம். அதுவும் இதயத் துடிப்பு, அடிகள், நித்திரை எல்லாவற்றையும் அளக்கிற மணிக்கூடு. ஒருநாள் காலையில் என் மகள் இடியப்பத் தட்டுக்கு முன்னால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் வடிவா நித்திரை கொள்ளேல்லையாம்" என்றாள். நல்ல தெளிச்சியோடு எழும்பி வந்தவள். எண்ணைப் பார்த்த பிறகுதான் கொட்டாவி வந்தது. அவளுக்குக் களைப்பா இல்லையா என்று அவளுடைய உடம்பு சொல்ல வேண்டுமா, நான் கழற்றிக் கொடுத்த மணிக்கூடு சொல்ல வேண்டுமா?

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிள்ளையின் வகுப்பு நேரமும் நம்முடைய பயிற்சி நேரமும் எப்படி இவ்வளவு அழகாகப் பொருந்தி வருகின்றன? அவளுக்குத் தடாகத்தின் அந்தப் பக்கத்தில் வகுப்பு என்றால், அதே நேரத்தில் இந்தப் பக்கத்து லேன் நமக்கு. அவனுக்கு மண்டபத்துக்குள் பந்து என்றால், நாம் தலைவிளக்கைப் பூட்டிக்கொண்டு, ஆணி வைத்த சப்பாத்தோடு ஃபுளோயன் மலைப் பாதையில் ஏறி இறங்கி வந்துவிடலாம். "பிள்ளைக்கு நீச்சல் எண்டால் உயிர்" என்று ஊருக்குச் சொல்கிறோம். அந்த வகுப்பை நிறுத்தினால் தவித்துப்போவது யார்? பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்புவதை விளையாட்டு என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். காலையில் ஒருவர் வாசலில் சப்பாத்தைக் கழற்ற, மற்றவர் சப்பாத்தைப் போட, நடுவில் பிள்ளை கைமாறுகிறது. தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒரே மேசையில் அவசரமில்லாமல் இருந்து சாப்பிட்ட இரவு எது என்று யோசித்தால் பலருக்கு நத்தார் விடுமுறைதான் நினைவுக்கு வரும்.

நாம் கெட்ட பெற்றோர் அல்ல. கழகத்துக்குக் காசு சேர்க்க டொய்லெற் பேப்பர் கட்டுகளைச் சுமந்து கதவு கதவாக விற்றிருக்கிறோம், மழைக்குள் நின்று வாஃபிள் சுட்டுக் கொடுத்திருக்கிறோம். இதற்கெல்லாம் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, அதையும் பேசத்தான் வேண்டும். எண்பதுகளில் வந்து ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று மீன் வெட்டிய கைகள்தான் நம்மில் பலரை ஆளாக்கின. நம்முடைய பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளையைவிட ஒரு படி கூட ஏறினால்தான் சமமாக நிற்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். நாம் அந்த நம்பிக்கையை அப்படியே வாங்கி, அதற்கு மேல் அயர்ன்மேன்காரரின் ஒழுங்கையும் பூசி, பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியிருக்கிறோம். ஆச்சிமார் கொடுத்த அழுத்தத்தில் ஓய்வாவது இருந்தது. பாடம் முடிந்தால் பிள்ளை முற்றத்தில் கிடக்கும், யாரும் தேடமாட்டார்கள்.

அயர்ன்மேன் போட்டியிலேயே 18 வயதுக்கு முன் யாரையும் சேர்ப்பதில்லை. நம்மில் அநேகர் முப்பத்தைந்துக்குப் பிறகுதான் நீந்தவே ஒழுங்காகப் பழகினோம். புளும்மென்ஃபெல்ட் முதலில் வெறும் நீச்சல்காரராகத்தான் இருந்தார். பத்து வயதில் ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

"அப்ப தமிழ்ப் பள்ளியை விடச் சொல்லுறீங்களோ?" என்று ஒரு அக்கா என்னைக் கேட்டார். இல்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இல்லாவிட்டால் அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்க என் பிள்ளைக்கு மொழி இருக்காது. இரண்டாவது நீச்சல் நாளையும் வெள்ளி இரவுக் கணக்கையும் முதலில் எடுக்கலாம் என்பது என் எண்ணம். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்து, இடைவேளையில் மழை உடுப்போடு வெளியில் நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு வெள்ளி இரவு எட்டு மணிக்குப் பின்னம் ஏறுமா? ஐந்தாம் வகுப்பில் தேசியப் பரீட்சை வருகிறதே என்பீர்கள். அது பள்ளி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வைக்கும் பரீட்சை. அதை வைத்துப் பிள்ளைக்குக் கதவு மூடுவதுமில்லை, திறப்பதுமில்லை.

எதை எடுப்பது என்று நாமே முடிவுகட்டாமல் பிள்ளையிடம் கேட்டால் என்ன? கேட்கத் துணிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேனையைக் கையில் கொடுத்தால் அது தன்னுடைய தாளோடு நிற்காது, பக்கத்துத் தாளுக்கும் போகும். அனேகமாக முதல் வெட்டு ஞாயிற்றுக்கிழமை நம்முடைய நெடுஞ்சவாரிக்குத்தான் விழும். வெட்டட்டும். மூன்று மணி நேரத்தை இரண்டாக்கினால் ஓகஸ்டில் மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேருவோம். மேலே ஏற விடமாட்டார்கள், கீழேயே முடிக்கச் சொல்லி வெள்ளை ரீசேர்ட் தருவார்கள். அதுவும் நல்ல துணிதான்.