கைபேசி விளையாட்டும் கையில் கட்டிய கயிறும்: பொதுமக்களுக்கு ஒரு விண்ணப்பம்



தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர்களில் வசிக்கும் பெற்றோரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், இன்னும் வகுப்பறையில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும், நூலகத்து வாசகர் சிலருமாகச் சேர்ந்த எங்கள் சிறு குழு, நெடுநாள் விவாதித்த ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறது. ஒரு பையன் இன்னொரு பையனை அடித்தான், அல்லது வெட்டினான் என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், "எல்லாம் இந்தப் போன் கேமால வந்த வினை" என்று சொல்லி விசாரணையை அந்த இடத்திலேயே முடித்துவிடும் வழக்கத்தை நாம் அனைவரும் விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அந்த விளையாட்டுகளின் மேல் எங்களுக்குப் பிரேமை உண்டென்று எவரும் எண்ண வேண்டாம். எங்களில் பெரும்பாலோருக்கு அவற்றைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆயினும், கண்டிப்பவன் முதலில் கண்டறிய வேண்டும் என்ற நியாயத்தை முன்னிட்டு, சாயங்கால வேளையில் பேருந்து நிழற்குடையில் கூடும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தோம். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். துப்பாக்கியும் மருந்தும் பொறுக்குகிறார்கள். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு கடைசியில் ஒரு கூட்டம் மட்டும் எஞ்சுகிறது. இதுதான் பப்ஜி. ஐம்பது பேரோடு பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோவது ஃப்ரீ ஃபயர். அடிபட்டு விழுந்தவன், "ஏல, என்னய ரிவைவ் பண்ணுல!" என்று கதறுகிறான், சுவர் மறைவில் இருந்த ஒருவன் தன் உயிரைத் துரும்பாக மதித்து ஓடிவந்து அவனை எழுப்புகிறான். நிழற்குடையில் எங்கள் காதில் அதிகம் விழுந்தது இந்தக் கூப்பாடுதான். 2021 இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் பப்ஜிக்கு இந்திய அவதாரம் கொடுத்தபோது, சிந்தும் ரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக்கி நமது இளைஞரின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற முயன்றார்கள் என்பது, இந்த விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த சொற்ப ஹாஸ்யங்களில் ஒன்று.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறோம். இத்தகைய விளையாட்டுகளுக்கும் கூச்சல், தள்ளுமுள்ளு போன்ற சிறு முரட்டுத்தனத்துக்கும் அற்பமான ஒரு தொடர்பு தென்படுவதை ஒப்புக்கொள்ளும் அமெரிக்க உளவியல் சங்கம், கொலை, வெட்டு போன்ற கொடுஞ்செயல்களுக்கு அவைதாம் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020 இல் தீர்மானமாகவே வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், பதினான்கு பதினைந்து வயதுள்ள ஆயிரத்து நான்கு பிரிட்டிஷ் பிள்ளைகளிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும் விசாரித்து, ஆடும் நேரத்துக்கும் முரட்டுக் குணத்துக்கும் சம்பந்தம் காணவில்லை என்று எழுதினார்கள். எதிர் அபிப்பிராயம் உடைய அறிஞர்களும் உண்டு. அவர்களை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் அவர்களுடைய பரிசோதனைச் சாலைகளில் முரட்டுத்தனத்தை எதைக்கொண்டு அளக்கிறார்கள் தெரியுமா? எதிராளியின் காதில் எவ்வளவு பெரிய இரைச்சலை ஒலிக்கவிடுகிறான் என்பதும், காரம் பிடிக்காத ஒருவனுக்கு எவ்வளவு மிளகாய்ச் சாற்றை ஊற்றிக் கொடுக்கிறான் என்பதும் அங்கே அளவுகோல்கள். காரத்தைக்கொண்டு அளப்பதானால் நமது ஜில்லாவின் சமையற்கட்டுகள் ஒன்றுகூடத் தப்பாது. ஜப்பானியரும் தென்கொரியரும் நம்மைக் காட்டிலும் நெடுங்காலமாக, நம்மைக் காட்டிலும் அதிகப் பணம் செலவிட்டு ஆடிவருகிறார்கள். கொலைகள் மிகக் குறைந்த தேசங்களின் வரிசையில்தான் அவர்களுடைய நாடுகள் இருக்கின்றன.

நமது தேசத்தில் நடந்த தடைகளின் கதையும் இதற்கு அதிகமாக ஒன்றும் விளங்க வைக்கவில்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட் நகரில் பப்ஜியைத் தடைசெய்த போலீசார், அதை ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கைதுகூடச் செய்தார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 118 செயலிகளைத் தடுத்தபோது சொல்லப்பட்ட காரணம் தேசத்தின் இறையாண்மையும் பாதுகாப்புமேயன்றிப் பிள்ளைகளின் குணம் அல்ல. தடையால் எங்கள் பள்ளிகளில் சண்டை குறைந்ததாக எந்தத் தலைமையாசிரியரும் எங்களிடம் சொல்லவில்லை.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இந்த ஜில்லாவில் எவரும் மறந்திருக்க முடியாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். திடீரென்று வெடித்த வெறியா அது? பள்ளியில் நேர்ந்த துன்புறுத்தல் தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போகாமலே நின்றிருந்தான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குப் பழிவாங்கவே அரிவாள் புறப்பட்டது. இதில் எந்தக் கைபேசி விளையாட்டு எந்த இடத்தில் நுழைகிறது என்று நாங்கள் தேடிப்பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம், வகுப்பறையில் எல்லோரும் கண்டும் காணாதிருந்த நாட்களும், எந்தச் சாதி எந்த நிறம் என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த கையிற்கட்டிய வண்ணக் கயிறுகளுமே.

இந்தக் கயிற்றைப் பற்றி 2019 இலேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. புறப்பட்ட வேகத்திலேயே ஓய்ந்தும் போயிற்று. நாங்குநேரிக்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்றும் அது சொல்லிற்று. அந்த அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர், "கேம்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறோம்.

நிழற்குடையில் நாங்கள் கண்ட இன்னொரு காட்சியையும் கூறியாக வேண்டும். விளையாட்டுக்குள் ஒவ்வொருவனும் தனக்கு ஒரு புனைபெயர் சூட்டிக்கொள்கிறான். ஒருவன் சினிமா நாயகனின் பெயரையும், ஒருவன் ஆங்கிலத்தில் ஏதோ பயங்கரமான பெயரையும் வைத்திருந்தான். மூன்றாமவன் தன் சாதிப் பட்டத்தை வைத்திருந்தான். அந்தப் பட்டத்தை எந்த அயல்நாட்டுக் கம்பெனியும் அவனுக்குக் கொடுக்கவில்லை. தெருவிலிருந்து, திருவிழாச் சுவரொட்டியிலிருந்து, வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் பேசும் பேச்சிலிருந்து அதை அவன் விளையாட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறான். கைபேசி முழுவதும் நிரபராதி என்று நாங்கள் வாதிக்க வரவில்லை. அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாதிப் பெருமைப் பாட்டுக்கு நடந்து வரும் ரீல்ஸும், அதற்கு விழும் ஆயிரக்கணக்கான லைக்கும் அதே கைபேசியில்தான் இருக்கின்றன. அந்தக் காணொளியைத் தம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டே, பையன் பப்ஜி ஆடிக் கெட்டுப்போவதாகப் புலம்பும் தகப்பனார்களையும் நாங்கள் அறிவோம்.

விளையாட்டினால் வரும் தீங்கு வேறு வகையானது. இரவு இரண்டு மணி வரை போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு விழித்திருந்து முதல் பீரியடிலேயே தலை சாய்க்கும் பிள்ளைகளை எங்கள் ஆசிரிய நண்பர்கள் தினந்தோறும் காண்கிறார்கள். ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடே இழந்துவிடும் நிலையை நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. அம்மாவின் கைபேசியில் இருக்கும் ஜிபேயில் ரகசிய எண்ணைத் தட்டி, ஆட்டத்துக்கு 'டைமண்ட் டாப்-அப்' செய்து, மளிகைக்கு வைத்திருந்த பணத்தைக் கரைத்த பையன்கள் எங்கள் ஊர்களிலும் உண்டு. இவற்றை மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. தூக்கம் கெடுவதும் பணம் போவதும் கண்டிக்கத்தக்கவை. அவற்றை அவற்றின் பெயராலேயே கண்டிப்போம்.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது இது: பிள்ளை ஆடும்போது பக்கத்தில் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள், யாரோடு ஆடுகிறான், என்ன பெயரில் ஆடுகிறான் என்று கேளுங்கள், இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள அத்தனை கைபேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்து அலமாரிக்குப் போகட்டும். ஆசிரியர்களிடம் வேண்டுவது: ஒரு குழந்தை நாலு நாள் காரணமின்றி வரவில்லையென்றால் வருகைப் பதிவேட்டில் குறித்துவிடுவதோடு நிறுத்தாமல், அவன் வீட்டுக்கு ஒருவர் போய்வர வேண்டும், அவன் சொல்லும் முறையீடு, குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் காதுக்குப் போகாதபடி காக்கப்பட வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் வேண்டுவது: பள்ளி மைதானத்தின் கதவை மாலை ஆறரை மணி வரையாவது திறந்து வைக்க, காவலுக்கு ஓர் ஆளையும் இரண்டு விளக்கையும் ஏற்பாடு செய்யுங்கள்.

நமது ஊர்ப் பள்ளிகளில் அடுத்துக் கூடப்போகும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில், மேற்சொன்ன மைதான விஷயத்தையும், நீதிபதி சந்துரு குழுவின் சிபாரிசுகளில் நமது பள்ளியில் எவை நடைமுறைக்கு வந்திருக்கின்றன என்ற கேள்வியையும் எழுத்து மூலமாக எழுப்ப எங்கள் குழுவினர் தீர்மானித்திருக்கிறோம். மனுவில் கையொப்பமிட விரும்பும் பெற்றோர், எந்தத் தெருவைச் சேர்ந்தவராயினும், கூட்டத்தன்று அரை மணி நேரம் முன்னதாகப் பள்ளி வாசலுக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.